மூடினாலும் தாங்குகிற பைப்

நோர்வூட் டவுனில் என் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. பொகவந்தலாவைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், "பைப்பக்கா கடைக்கிட்ட எறக்கி விட்ருங்க" என்றுதான் கண்டக்டரிடம் சொல்வார்கள். அந்தப் பைப்பக்கா நான்தான். முதன்முதலில் அந்தப் பெயர் காதில் விழுந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்.

என்னைப் பெருமை பிடித்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எங்கள் லொறியை ஓட்டுகிறவர் அவர். சொன்ன கையோடு லொறியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பதில் கேட்க நிற்கமாட்டார். அவர் சொல்வது பொய்யில்லை. பிளாஸ்டிக் பைப்பும் சொக்கட்டும் விற்கிற ஒருத்திக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது ஹற்றனில் ஒரு பெரிய ஹாட்வெயார் கடையில் பில் எழுதுகிறவளாக. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் வரைக்கும் படித்து, ஆசிரியை வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய்ப் பிடித்த வேலை அது. சிமெண்டு, பெயிண்டு, தகரம் என்று எல்லாப் பக்கமும் என்னை வேலைக்குப் போட்டார்கள். பைப் அடுக்கியிருந்த பின்பக்கம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எங்கள் தோட்டத்து ஆட்கள் அங்கேதான் வருவார்கள். ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரிந்ததும் அங்கேதான்.

பைப்பின் உடம்பில் ஒரு எண் அச்சடித்திருக்கும். எவ்வளவு அழுத்தத்தை அது தாங்கும் என்பதைச் சொல்கிற எண். எண் கூடினால் பைப்பின் சுவர் தடிக்கும், கனம் கூடும், விலையும் கூடும். சமதரையில் மெல்லியது போதும். மலையில் அப்படி இல்லை. உச்சியில் இருக்கிற ஊற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர், கீழே பள்ளத்துக்கு வந்ததும் தன் பாரத்தையெல்லாம் அங்கே இறக்கும். நியாயமாகப் பார்த்தால் இந்த நாட்டிலேயே தடித்த பைப் போட வேண்டியவர்கள் நாங்கள்தான். கடையில் நடந்ததோ நேர்மாறு. டவுனில் வீடு கட்டுகிறவர் வந்தால் தடித்ததை எடுத்துக் காட்டுவார்கள். தோட்டத்து ஆள் வந்தால் முதலாளி தலையைக்கூட நிமிர்த்தாமல், "தோட்டத்துக்குத்தானே, அந்த மெல்லிசுல போடு" என்பார். கொழும்பிலிருந்து வருகிற கம்பனிப் பிரதிநிதிகளும் அதையே சிங்களத்தில் சொல்வார்கள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால் இரண்டு தடவை எரிந்தது.

கல்யாணமாகி, வீட்டுக்காரரின் லொறியை நம்பி நோர்வூட்டில் சொந்தமாகக் கடை போட்டபோது நான் வைத்த ஒரே சட்டம், ஆக மெல்லிய அந்த ரகம் என் வாசலைத் தாண்டக்கூடாது என்பது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். "ஊரே அதத்தான் வாங்குது. நீ ஒருத்தி வேணாம்னா பைப்ப வச்சு நாம என்ன புல்லாங்குழலா ஊதுறது?" என்றார். ஆரம்பத்தில் ஊதத்தான் வேண்டியிருந்தது. பக்கத்துக் கடையில் வாங்கிய மெல்லிய பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போவார்கள். அடுத்த மழைக்கு, வெடித்த துண்டை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் பேசாமல் பைப்பை எடுத்துக் கொடுத்து அனுப்புகிற ரகம் இல்லை. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

மூட்டுகள் விற்பது அதைவிடப் பெரிய பாடு. சொக்கட், எல்போ எல்லாம் வாங்குகிற பழக்கம் எங்கள் தோட்டங்களில் கிடையாது. பைப்பின் நுனியை அடுப்பில் காட்டி இளக்கி, இன்னொரு பைப்பை அதற்குள் திணித்து, பழைய டியூப் வாரால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வேலை முடிந்தது. எனக்குப் போட்டி பக்கத்துக் கடை இல்லை, வீட்டுக்கு வீடு எரிகிற அடுப்புதான் என்று நான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

இந்த மலையில் பைப் வியாபாரம் போன போக்கை என் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். இரும்புப் பைப்பை ஆட்கள் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் தொழிலுக்கு வந்தேன். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் புதைத்த இரும்பு, துருப்பிடித்துச் சல்லடையாகிக் கிடந்தது. பிறகு சாம்பல் நிறப் பைப்பின் காலம். அதன் பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போன அந்த வருடம் வந்தது. காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. சரக்கு ஏற்றப் போன லொறி வெறும் லொறியாகத் திரும்பி வரும். அந்த இடைவெளியில்தான் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த, உடம்பில் எண்ணே இல்லாத பைப்கள் சந்தைக்குள் நுழைந்தன. நகத்தால் கீறினால் மாவு கொட்டும். எல்லாக் கடையிலும் அதுதான் ஓடியது. நான் அலுமாரியை வெறுமையாக வைத்திருந்தேன். அந்த வருடம் கடையை மூடாமல் தப்பியதற்கு என் வீட்டுக்காரர் லொறியில் ஏற்றிய கரட், கோவா என்ற மரக்கறி மூட்டைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். என்றாலும் எண் இல்லாத பைப் ஒன்றுகூட நான் விற்கவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும், அதற்கு யாரும் வருத்தப்படக்கூடாது.

நிலைமை கொஞ்சம் சீரானதும் வாங்குகிறவர்கள் மாறிப்போயிருந்தார்கள். முன்பெல்லாம் தோட்டக் கம்பனி வாங்கும், சில்லறையாக ஆட்கள் வாங்குவார்கள். இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் தண்ணீர்ச் சங்கங்கள் கிளம்பின. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு பெரிய லைன், வாசலுக்கு வாசல் திறந்து மூடுகிற ஒரு டெப்பு என்று திட்டம் வரைந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் கேட்டது கருப்புப் பைப். நீலக்கோடு போட்டு, வளையம் வளையமாகச் சுருட்டி வருகிற பைப். அரசாங்கத் தண்ணீர்த் திட்டங்களில் அதைத்தான் புதைக்கிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் மனம் ஒட்டவில்லை. வளைகிற பொருளை நான் எப்போதும் சந்தேகமாகவே பார்ப்பேன்.

இறம்பொடைப் பக்கம் ஒரு மண்சரிவைப் பார்த்த பிறகுதான் அந்தச் சந்தேகம் போனது. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாதை அடைபட்டு நின்றோம். சரிவில் தேயிலை மலையின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே, மண் இல்லாத வெறும் வெளியில், ஒரு கருப்புப் பைப் துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொங்கியது. கீழே லயத்துக்கு இன்னும் அதில் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததாம். பாதை திறக்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கொழும்புக்குப் போன் போட்டுக் கருப்புச் சுருள் கேட்டேன்.

பிறகுதான் என் சிநேகிதி கடைக்கு வந்தாள்.

நான் பிறந்த தோட்டத்தில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். இன்றும் அங்கேயே கொழுந்தெடுக்கிறாள். அந்தத் தோட்டத்துத் தண்ணீர்ச் சங்கத்துக்குச் செயலாளராக அவளைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவள். அது சும்மா கிடைத்ததில்லை. ஆண்கள் ஊற்றடியில் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சண்டைக்குப் பிறகு, இனி ஒரு பெண்ணாவது பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தின் அமைப்பைச் சொன்னால்தான் அவள் மாட்டிக்கொண்ட இடம் விளங்கும். மலை உச்சியில் ஊற்று. அதற்குக் கீழே சரிவில் வரிசையாக மூன்று லயங்கள். அதற்கும் கீழே ஆற்றுப்பள்ளம். பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறினால், ஊற்றைவிடத் தாழ்வாக, அக்கரை லயம். இந்தப் பக்கத்து மூன்று லயத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஊற்றிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் ஒரு சொந்த ஓஸ் உண்டு. ஒரு கட்டு ஓஸ் பாம்புகள் போலப் பின்னிக்கொண்டு இறங்கும். எது யாருடையது என்று தெரிவதற்கு அவரவர் பழைய சேலைத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் எல்லா வாசலிலும் தண்ணீர் ஓடும், வெயில் காலத்தில் எல்லா வாசலிலும் சண்டை ஓடும். அக்கரை லயத்துக்கு எதுவுமே இல்லை. பள்ளத்தைத் தாண்டி எந்த ஓஸும் நிற்கவில்லை. அங்கே இருக்கிற பெண்கள் ஆற்றோரத்துப் பீலிக்கு இறங்கித் தண்ணீர் சுமக்கிறவர்கள், மலையில் கொழுந்துக் கூடை சுமந்துவிட்டு வந்த பிறகும்.

என் சிநேகிதி இருப்பது அக்கரை லயத்தில்.

பொது லைன் போட வேண்டுமானால் எல்லோரும் சொந்த ஓஸைக் கழற்ற வேண்டும். ஊற்றுத் தண்ணீர் முழுவதும் தாங்கிக்குப் போக வேண்டும். வாசல் வாசலாக ஏறி இறங்கி அவள் கேட்டாள். "ஒன் லயத்துக்குத் தண்ணி வேணும்னு எங்க ஓசக் கழட்டச் சொல்றியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவளுடைய வீட்டுக்காரனே, ஊர்வம்பு நமக்கெதற்கு என்றானாம். கடைசியில் கோயில் முன்னால் கூடிய கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, நாலு லயத்துக்கும் தண்ணீர் வராவிட்டால் அன்றைக்கே செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன், இனிமேல் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் அரை மனதோடு சம்மதித்தார்கள். இதையெல்லாம் என் கல்லாவுக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு, "புள்ள, நீ குடுக்குற பைப்ப நம்பித்தான் வாயக் குடுத்துட்டேன்" என்றாள்.

"நல்லவளத்தான் நம்பியிருக்க, ஒக்காரு" என்று டீ வரவழைத்தேன்.

சங்கத்துத் தலைவர் ஆள் மோசமில்லை, கை மட்டும் இறுக்கம். பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிற பகுதிதான் நீளம், அங்கே மட்டும் மெல்லிய ரகம் போட்டுச் சமாளிக்கலாமே என்றார். ஆகத் தடித்தது வேண்டிய இடமே அதுதான். "தலைவரே, அங்க மெல்லிசு போடுறதுன்னா எங்கிட்ட வாங்காதீங்க. ஒரு திருகாணிகூட தரமாட்டேன்" என்றேன். அவர் என் சிநேகிதியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அக்கா சொல்றதுதான் சங்கத்துக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டாள். அவள் என்னை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. பிறகு தனியாகச் சிக்கியபோது அதற்காக நன்றாகக் கிண்டல் செய்தேன்.

கொழும்புப் பிரதிநிதிக்கு ஓடர் கொடுத்தபோது அவர் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தோட்டத்துக்கா இவ்வளவு தடித்தது என்று சிரித்தார். தண்ணீருக்குத் தோட்டம், டவுன் என்றெல்லாம் தெரியாது மாத்தையா, உயரம் மட்டும்தான் தெரியும் என்று சிங்களத்திலேயே சொன்னேன். மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு அளவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானமாக வேலை நடந்தது. ஆண்கள் பைப் புதைக்கக் கான் வெட்டினார்கள். கருப்புச் சுருளை உச்சியில் வைத்துப் பிரித்து, தேர் வடம் பிடிக்கிற மாதிரிப் பெண்கள் வரிசையாகத் தோளில் ஏந்திக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார்கள். பைப் பொருத்த வந்த பாஸ் எங்கள் தோட்டத்து ஆள், நல்ல வேலைக்காரர். ஆனால் பழக்கம் விடாமல் முதல் மூட்டுக்கே தீப்பெட்டியை எடுத்துவிட்டார். நான் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கருப்புப் பைப்பின் மூட்டுக்குத் தீயும் வேண்டாம், பசையும் வேண்டாம். உள்ளே திணித்துக் கழுத்தைத் திருகி இறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு கழுத்தையும் அவர் இறுக்கிய பிறகு நான் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரியும். தெரிந்தும் செய்தேன்.

கழற்றிய ஓஸ்களையெல்லாம் சுருட்டி, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா விறாந்தையில் குவித்து வைத்தார்கள். தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் குவியலைக் கடந்து போகும்போதெல்லாம் என் சிநேகிதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவாள்.

தண்ணீர் திறந்த நாளும் ஒரு ஞாயிறுதான். தாங்கிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, தலைவர் வால்வைத் திறந்தார். முதல் லயத்தில் ஒரே கூச்சல். பிறகு இரண்டாம் லயத்தில். பிறகு மூன்றாவதில். பிள்ளைகள் டெப்புக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கும்மாளம் போட்டார்கள். நாங்கள் அக்கரை லயத்துக்குப் போய்க் காத்திருந்தோம். வாசலுக்கு வாசல் குடங்களை வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். என் சிநேகிதி வீட்டு டெப்பில் ஒரு மாலைகூடக் கட்டியிருந்தார்கள்.

டெப்பில் தண்ணீர் வரவில்லை.

முதலில் பைப்புக்குள் காற்று நிற்கும், பொறுங்கள் என்றேன். பொறுத்தார்கள். சோறு ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தும் பொறுத்தார்கள். டெப்பு ஒரு தடவை பெருமூச்சு விட்டது, அதோடு சரி. டெப்பில் கட்டிய மாலையின் பூ வாடத் தொடங்கியது. இந்தக் கருப்புச் சாமான் தண்ணீரைக் குடித்துவிடும் என்று யாரோ சொல்ல, இன்னொருவர் அதை நம்பினார். இரும்பு போட்டிருக்க வேண்டும் என்றார் ஒருவர். அந்த மூன்று லயத்து ஆட்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல நின்றுவிட்டு, மெல்லப் பிள்ளைக்காம்பராப் பக்கம் நடந்தார்கள். கழற்றி வைத்த ஓஸை எடுக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் சிநேகிதி வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் சொன்ன சொல்லை இப்போதே காப்பாற்றத் தொடங்கிவிட்டாளோ என்று எனக்குப் பகீரென்றது. குடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பாஸைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கேயோ வெடித்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று பள்ளம் முழுக்கத் தடவிக்கொண்டே நடந்தோம். ஒரு மூட்டிலும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பைப்பில் கை வைத்தால் அதில் வலுவே இல்லை, பாதி நிரம்பியது போலத் தளர்ந்து கிடந்தது.

ஊற்றுப் பக்கத்து மேட்டில் ஏறி மூன்றாம் லயத்துக்கு வந்தோம். ஒரு வாசலில் டெப்பு முழுதாகத் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஆளில்லை. தண்ணீர் பளபளவென்று வாசலோரத்து வடிகால் கானில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாசலிலும் அப்படியே. அதற்கடுத்த வாசலிலும். நான் முதல் டெப்பை எட்டி மூடினேன்.

உள்ளே சட்டி கழுவிக்கொண்டிருந்த பெண் கையில் சாம்பலோடு ஓடிவந்தாள். "ஐயய்யோ பைப்பக்கா, மூடாதீங்க! மூடுனா மேல புடுங்கிக்கும்!" என்று என் கையைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் திறந்தாள். அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூட மூடிவிடக்கூடாது என்று, டெப்பின் கைப்பிடியைச் சேலைத் துணியால் இழுத்துக் கட்டியிருந்தாள். மூன்று லயத்திலும் ஒரு வீடு விடாமல் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

எனக்குச் சுரீரென்று ஏறிய கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தானே. ஓஸ் என்றால் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நுனியை அடைத்தால், அடுப்பில் காட்டித் திணித்த மூட்டு எங்கேயாவது மேலே பிடுங்கிக்கொள்ளும். பிறகு மழையில் மலையேறித் தேட வேண்டும். நுனியை அடைத்த பிள்ளைக்கு அடி விழும். நானே வாங்கியிருக்கிறேன். பைப் வாழ வேண்டுமானால் தண்ணீர் ஓட வேண்டும் என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. என் பைப்பைக் காப்பாற்றத்தான் அவ்வளவு டெப்பையும் திறந்து, கட்டியும் வைத்திருக்கிறார்கள். இருக்கிற தண்ணீரெல்லாம் மூன்று லயத்துக் கானிலும் ஓடினால் எதிர்மேட்டில் ஏறுவதற்கு என்ன மிச்சமிருக்கும்? நடுவாசலில் நின்று சிரித்துவிட்டேன். அந்தப் பெண் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பாள்.

எல்லோரையும் மூடச் சொன்னால் யாரும் மூடுவதாக இல்லை. தலைவர் வந்தார். "அம்புட்டையும் ஒண்ணா மூடுனா பள்ளத்துல வெடிக்காதா? வெடிச்சா யாரு பொறுப்பு?" என்றார். "நான்" என்றேன். "வெடிச்சா பள்ளத்துப் பைப்பு முழுக்க எங்க கடையிலருந்து புதுசா போட்டுத் தாரேன். அதுக்கப்புறம் இந்தத் தோட்டத்துக்கு நான் ஒரு வாஷர்கூட விக்க வரமாட்டேன்." கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் பின்னால் நின்று இருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் என் சிநேகிதியும் அக்கரையிலிருந்து வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "நீ பள்ளத்துக்குப் போ புள்ள. நா மூடுறேன்" என்றாள். வாய் திறந்துவிட்டாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நான் ஆற்றங்கரைக்கு இறங்கினேன். பைப் ஆற்றைத் தாண்டுகிற இடம், ஆகக் கீழான இடம். வெடித்தால் அங்கேதான் வெடிக்கும். பாறையில் உட்கார்ந்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன். மேலே ஒவ்வொரு வாசலிலும் அவளுடைய சத்தம் கேட்டது. துணியை அவிழ்க்கச் சொல்கிறாள். அவர்கள் மாட்டேன் என்கிறார்கள். அவளே அவிழ்த்து மூடுகிறாள். "மூணாம் லயம் மூடியாச்சு!" என்று ஒரு குரல் இறங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாம் லயம். பிறகு முதலாம் லயம்.

கைக்கடியில் பைப் விறைத்தது. சில்லென்று குளிர்ந்தது. உள்ளே ஏதோ நடுங்கியது. தோட்டத்துக்குத்தானே என்று சொன்ன முதலாளி, அந்தப் பிரதிநிதிகள், எண் இல்லாத பைப்பை விற்றுவிட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் என் கண்முன்னால் வந்து நின்றார்கள். பைப் தாங்கியது. முனகக்கூட இல்லை. கல் மாதிரி இறுகிக்கொண்டு நின்றது. என் பைப் என்று சத்தமாகவே சொன்னேன், ஆற்றுக்குத்தான் கேட்டிருக்கும்.

அக்கரை மேட்டிலிருந்து கூச்சல் எழுந்தது. நான் ஏறிய வேகத்துக்குச் செருப்பு ஒன்று பள்ளத்திலேயே தங்கிவிட்டது. எனக்கு முன்னால் என் சிநேகிதி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு டெப்பு புஸ் புஸ் என்று காற்றைத் துப்பியது. கொஞ்சம் மண்நிறத் தண்ணீரைத் துப்பியது. பிறகு கண்ணாடி மாதிரி ஒரே கொட்டாகக் கொட்டத் தொடங்கியது. அவள் குடத்தை வைத்தாள். நிரம்பி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது வேர்வை என்று எல்லோரிடமும் சொன்னார்.

"ஓடட்டும் அக்கா, இன்னைக்கு ஒரு நாளு ஓடட்டும்" என்று யாரோ சொன்னார்கள்.

என் சிநேகிதி டெப்பைப் பார்த்தாள். மூன்று லயத்து டெப்புகளையும் மூடியவள், தன் வாசலில் முதன்முதலாக ஓடுகிற தண்ணீரை மூடக் கை வைத்தபோது தயங்கினாள். எல்லோரும் பள்ளத்துப் பக்கம் காதைக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அவள் திருகினாள். தண்ணீர் நின்றது. பள்ளத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. இரண்டு கரையிலும் எங்கேயும் தண்ணீர் ஓடுகிற சத்தமில்லை. அந்தத் தோட்டத்தில் அப்படியொரு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"நிக்கிது புள்ள" என்றாள், ரகசியம் சொல்கிற மாதிரி. "நம்ம கூப்புட்டா வரும்னு நிக்கிது."

அவள் திரும்பவும் திறந்தாள். வந்தது. மூடினாள். நின்றது. திரும்பவும் திறந்தாள். தண்ணீரை வீணாக்காதே என்று சங்கத்துச் செயலாளரிடம் சொல்ல அங்கே நின்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை.